மூன்று பிளக்குக்கு ஒரே ஒயர் போதுமா?

சமையல் மேடையில் மிக்சிக்கென்று ஒரு பிளக் பாயின்ட். பிறகு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது, கெட்டில் வந்தது. “இதுலேர்ந்தே லூப் எடுத்து இன்னும் ரெண்டு போட்டுடலாம் சார்” என்பார் எலக்ட்ரீஷியன். போடலாமா, கூடாதா? வீடுகளில் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: லூப் எடுப்பதே தப்பு.

உண்மை: தப்பில்லை. பிளக்குகள் பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் கிடைத்துவிடும். சிக்கல் வோல்டேஜில் இல்லை, கரண்டில். மூன்று பிளக்கும் இழுக்கிற மொத்தக் கரண்டும், டி.பி. பாக்ஸிலிருந்து முதல் பிளக்குக்கு வரும் ஒற்றை ஒயரில்தான் ஓடியாக வேண்டும்.

நம்பிக்கை: 16 ஆம்பியர் பெரிய பிளக் மாட்டிவிட்டால் எல்லாம் தாங்கும்.

உண்மை: சாக்கெட் தாங்கும். பின்னாலிருக்கும் ஒயர்? மிக்சிக்காக அன்றைக்கு இழுத்தது ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஆக இருக்கலாம். வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷனுக்கு 8.7, 1500 வாட்ஸ் கெட்டிலுக்கு 6.5, 750 வாட்ஸ் மிக்சிக்கு 3.3. காலை ஏழு மணிக்கு மூன்றும் ஒன்றாக ஓடினால் 18.5 ஆம்பியர். கரண்ட் இரு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் பைப்பில் அடைந்து கிடக்கும் அந்தச் சூட்டில் பி.வி.சி. உறை நாளடைவில் கெட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. லூப் போடும்போது ஒரே டெர்மினலில் இரண்டு ஒயர்களை நுழைத்து முறுக்குவார்கள். ஸ்க்ரூ சரியாக இறுகாவிட்டால் முதலில் கருகுவது அந்த இடம்தான்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர், “எங்க வீட்ல ஒரே லைன்ல எத்தனை பிளக்!” என்று வியக்க வைப்பார். அங்கே பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. நம் பிளக்கில் அது கிடையாது.

நம்பிக்கை: எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனால் பெரிதாக மாற்றிவிட வேண்டும்.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான யோசனை இதுதான். எம்.சி.பி. காப்பது மிக்சியை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒன்றரை ஸ்கொயருக்கு 10 ஆம்பியர், இரண்டரை ஸ்கொயருக்கு 16 அல்லது 20 என்பது வழக்கம். ஒன்றரை ஸ்கொயர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால், ட்ரிப் ஆவதற்கு முன்பே ஒயர் வெந்துவிடும். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவைத்தார்களே, அதே வேலைதான் இதுவும்.

நம்பிக்கை: ஆர்.சி.சி.பி. இருந்தால் எம்.சி.பி. தேவையில்லை.

உண்மை: 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே ஆர்.சி.சி.பி. அணைந்து ஆளைக் காப்பாற்றும். ஓவர்லோடு அதற்குத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

நம்பிக்கை: எர்த் இல்லாத வீட்டில் நியூட்ரலையே எர்த் பின்னில் லூப் கொடுத்துவிடலாம்.

உண்மை: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால் ஜோராக எரியும், வீட்டுக்காரரும் திருப்தியாகிவிடுவார். என்றைக்காவது வழியில் நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்ட நொடியே கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடம்பில் 230 வோல்ட் ஏறிவிடும். இப்படிச் செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். தரையில் முறையாக எர்த் போடுவதற்கு மாற்று இல்லை.

இண்டக்‌ஷன், கெய்சர் போன்றவற்றுக்கு டி.பி. பாக்ஸிலிருந்தே தனி ஒயரும் தனி எம்.சி.பி.யும் கேளுங்கள். சுவரைக் கொத்த வேண்டும், கூலி கூடும், பரவாயில்லை. மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் லூப் போதும். வேலைக்கு வருபவரிடம் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் அதை வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.