போதைச் சட்டமும் ஏழை நோயாளியும்

போதைக்கு அடிமையான மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால் போலீஸார் வந்து அவனைச் சிறைக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்னும் நம்பிக்கை தினக்கூலிகளின் வீடுகளில் ஆழ வேரூன்றியிருப்பதால், தக்க சிகிச்சையால் மீளக்கூடிய ஜீவன்கள் அச்சத்தினாலேயே வைத்தியமின்றி அழிகின்றன.

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது என்பதில் சந்தேகமில்லை. உபயோகிப்பதையே அது குற்றமாக்கி, ஹெராயினுக்கு ஓராண்டு வரையிலும் கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரையிலும் சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறுகிற ஒருவர்மீது, உபயோகித்ததற்காகவோ, ஹெராயினில் 5 கிராம், கஞ்சாவில் 1 கிலோ என்று வரையறுக்கப்பட்ட சிறிய அளவுக்கு உட்பட்ட குற்றத்திற்காகவோ வழக்கு நடத்தலாகாது என்று விலக்களிக்கிறது. சிகிச்சையை நடுவில் கைவிட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். அங்கீகாரமற்ற மறுவாழ்வு இல்லத்தில் பணம் கட்டிச் சேர்ந்தாலும் இது கிடைக்காது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அகப்பட்டால் வக்கீல் இதை முதல் நாளே எடுத்துரைப்பார்; துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கு எடுத்துச் சொல்வார் யாருமில்லை என்பதே என் மனத்தை வருத்துகிறது.

ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்வோருக்குச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றத்திற்குத் துணைபோவதாகும் என்பது மற்றொரு நம்பிக்கை. 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டமோ, பதிவுபெற்ற திட்டத்தின் வாயிலாகப் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பவரும் அதைப் பெறுபவரும் குற்றவாளிகள் அல்லர் என்பதைத் தன் வாசகத்திலேயே உதாரணங்காட்டி விளக்குகிறது. நோயாளியின் சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்தலும், தொற்றுள்ளவர் என்ற காரணத்தால் வைத்தியம் மறுத்தலும் அதே சட்டத்தால் தடுக்கப்பட்டவை.

மயங்கி விழுந்தவனைத் தூக்கிச் சென்றால், "போலீஸ் கேஸ், வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று திருப்பியனுப்ப டாக்டருக்கு அதிகாரம் உண்டென்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். விபத்தில் அடிபட்ட ஒருவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு வழியிலேயே இறந்ததை முன்னிட்டு எழுந்த பரமானந்த் கடாரா வழக்கில், முதலில் உயிரைக் காத்தல் வேண்டும், போலீஸ் சடங்குகள் பின்னரே என்று சுப்ரீம் கோர்ட் 1989-இல் தீர்ப்பளித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தரத் தவறுவது வாழ்வுரிமைக்கு விரோதம் என்று 1996-இல் மற்றொரு வழக்கிலும் உரைத்தது.

இவ்வுரிமைகளை வற்புறுத்த வக்கீல் பணம் வேண்டுமே என்ற கவலைக்கும் சட்டத்திலேயே பரிகாரமுண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளோர் ஆகியோர், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்; அதற்கான மனுவை ஜில்லா நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ தாலுகா குழுவிடமோ கொடுக்கலாம்.