ஏட்டில் ஏறிய வழக்கும் ஏறாத வழக்கும்

சட்டத்தையும் இலக்கியத்தையும் வெவ்வேறு வகுப்பறைகளிற் பயின்ற நமக்கு, ஜேர்மனிய அறிஞர் பீலிக்ஸ் லீபர்மனின் உழைப்பு வியப்பளிக்கும். ஆங்கிலோ-சாக்சனியரின் சட்டங்களைத் திரட்டி, ஏடுகளை ஒப்புநோக்கி அவர் பதிப்பித்த மூன்று தொகுதிகள் 1903 முதல் 1916 வரை வெளிவந்தன. அவற்றுள் மிகப் பழையது, ஏறக்குறைய 600ஆம் ஆண்டளவிற் கென்ற் நாட்டை ஆண்ட எதெல்பெர்ட் மன்னனின் சட்டம். பிறனுடைய கட்டைவிரலை வெட்டியவன் 20 சிலிங் ஈடு செய்தல் வேண்டும், சிறுவிரலுக்கு 11. இலத்தீனில் அன்றி மக்கள் மொழியிலேயே அமைந்தமையால், அது மொழி பயில்வோர்க்கும் முதனூலாயிற்று.

நமக்கும் அத்தகைய நூலொன்று உண்டு. யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த ஒல்லாந்தர் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையைத் தொகுத்து முடித்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்னும் சொற்கள் இன்றும் நம் வீடுகளில் வழங்குவனவே. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அந்நூலில் உள்ளன. அப்பகுதியைக் கண்மூடிக் கடந்துவிடுதல் தகாது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசராய் விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா, இச்சட்டத்தை விரிவாக ஆராய்ந்து 1951இல் நூல் வெளியிட்டார்.

ஆயின் எழுத்தில் ஏறியது மட்டுமோ வழக்கு? மன்னார்க் கரையிலே மரிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பைக் கடமையில் நின்று கண்ட லெனாட் வூல்ஃப், தம் நினைவுநூலில் அதனை விவரித்துள்ளார். தமிழரும் அராபியரும் மூழ்கியெடுத்த சிப்பிகளை மூன்று சம குவியல்களாக வகுப்பர். அவற்றுள் எந்த இரண்டு அரசுக்குரியவை என்பதை அதிகாரி பின்னரே தெரிந்து சொல்வார். எஞ்சிய ஒன்று குளித்தவர்க்கு. தமக்கு எஞ்சுவது எதுவென்று அறியாதவன் குவியலைச் சமனாகவே வகுப்பானன்றோ! காவலாளர் பலர் செய்ய முடியாததை இவ்வொரு முறை செய்துவிடுகிறது. மூன்றில் ஒன்றே உழைத்தவர்க்கு என்பது நீதியா என்பது வேறு வினா. என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. பேசாலையிலும் வங்காலையிலும் முதியோர் உளர். கரைவலைப் பாடு யாருக்குரியது, வலைக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை, இறந்தவன் பங்கு விதவைக்குச் சேருமா என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிவர நம் மாணவருக்கு ஒரு விடுமுறை போதும்.