கையடக்கக் கணினிக்கு ஏற்ற வரைவியற் சூழல் யாது?

ஒரு கருவியைத் தெரிந்தெடுக்கும்போது அதன் விலையையும் அழகையும் மாத்திரம் நோக்குவோர் பலர். அது தம் மொழியை அறியுமா என வினவுவோர் சிலரே. உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினியில் எவ்வரைவியற் சூழலை நிறுவுதல் தக்கது என்னும் வினாவை மாணவர்க்குப் பயன்படுமாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைவியற் சூழலாவது யாது? லினக்ஸ் என்பது கணினியின் செயலியையும் நினைவகத்தையும் ஏனைய உறுப்புக்களையும் ஆளும் கருவாகும். அக்கரு தானே திரையில் யன்னல்களை அமைத்துப் பயனரோடு உறவாடுவதில்லை. பொத்தான், பட்டியல், எழுத்து ஆகியவற்றைத் திரையிற் காட்டிப் பயனரின் தொடுகையை ஏற்பது வேறொரு மென்பொருட் தொகுதி. அதுவே வரைவியற் சூழல் எனப்படும். கருவும் சூழலும் லினக்சில் வேறுவேறாய் நிற்றலின், தெரிவு பயனரின் கையில் உளது.

இத்தெரிவு கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று கொம்பாக் நிறுவனத்தின் ஐபாக் கருவியாகும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் செயலி 206 மெகாஹேர்ட்சு வேகமுடையது. நினைவகம் 32 அல்லது 64 மெகாபைற்று. திரை 240 × 320 புள்ளிகள். முதல் மாதிரிகள் சிலவற்றில் நிலைச் சேமிப்பு 16 மெகாபைற்று மாத்திரமே. பெமிலியர் என்னும் லினக்ஸ் வெளியீட்டை அதில் நிறுவியோர் முன் ஓப்பி, ஜீ.பீ.ஈ. என இரு சூழல்கள் நின்றன.

ஓப்பி, நோர்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் கியூடோபியாவிலிருந்து கிளைத்தது. ஷார்ப் நிறுவனத்தின் சோரஸ் கருவிகளில் இருந்ததும் அக்கியூடோபியாவே. இது கியூட் என்னும் கருவித்தொகுதியைக் கொண்டு திரையின் நினைவுப் பகுதியில் நேரடியாக வரையும். இடையில் வேறு முகவர் இன்மையால் நினைவகச் செலவு குறையும். ஆயினும், மேசைக் கணினிக்கென எழுதப்பட்ட எக்ஸ் நிரல்கள் அதில் இயங்கா.

ஜீ.பீ.ஈ., ஜீ.டி.கே. என்னும் கருவித்தொகுதியைக் கொண்டு எக்ஸ் யன்னல் முறைமையின் மேல் அமைந்தது. எக்ஸ், 1984 ஆம் ஆண்டில் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்தது. அதில் வரைய வேண்டும் எனக் கேட்கும் நிரல் வேறு. அக்கேள்வியை ஏற்று வரையும் நிரல் வேறு. ஆகவே, ஓரிடத்தில் இயங்கும் நிரலை வலையமைப்பின் வழியே பிறிதோரிடத்துத் திரையிற் காணலாம்; முன்னுள்ள நிரற் செல்வத்தையும் வேண்டியவாறு மாற்றி ஆளலாம். சிறு கருவிக்கு அது சற்றே பாரம் என்பதே அதன்மேற் கூறப்பட்ட குறை.

இம்மட்டில் நின்றால், சிக்கனம் வேண்டுவோர்க்கு ஓப்பி, நிரல் வளம் வேண்டுவோர்க்கு ஜீ.பீ.ஈ. என முடித்துவிடலாம். தமிழராகிய நமக்கோ மூன்றாவது வினா ஒன்று உண்டு. அது எழுத்துப் பற்றியது.

வண்ணார்பண்ணையில் 1849 ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் அச்சுக்கூடம் நிறுவினார். அத்தகைய கூடங்களில் அச்சுக் கோப்பவர் 'கொ' என்னும் எழுத்துக்குக் கொம்பை முன்னும், ககரத்தை நடுவும், அரவைப் பின்னும் வைத்துக் கோத்தார். யூனிக்கோட்டு முறையிலோ முதலில் ககரமும் பின்னர் ஒகரக் குறியும் சேமிக்கப்படும். அவற்றைக் கண்ணுக்குரிய வரிசையில் மாற்றி வைப்பது மென்பொருளின் கடன். அம்மென்பொருள் இல்லாத கணினி, அச்சுக் கோப்பவர் இல்லாத அச்சுக்கூடம் போன்றதாம்: எழுத்துக்கள் உண்டு, சொல் இல்லை. ஓப்பி பயன்படுத்திய கியூட்டின் பழைய வரிசை இக்கடனை அறியாதது. ஜீ.டி.கே. யின் இரண்டாம் பதிப்போடு வந்த பாங்கோ என்னும் நூலகமோ அதனை அறிந்திருந்தது. கிரேக்கத்தில் 'எல்லாம்' எனப் பொருள்படும் சொல்லும், யப்பானிய மொழியில் 'மொழி' எனப் பொருள்படும் சொல்லும் இணைந்ததே அதன் பெயர். எனவே, அக்காலத்தில் ஐபாக்கில் தமிழ் படிக்க விரும்பியவர்க்குப் பாரமான சூழலே ஏற்ற சூழலாயிற்று.

வேறொரு வழியும் உளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999 ஆம் ஆண்டில் சிம்பியூட்டர் அறக்கட்டளையைத் தோற்றுவித்தனர். எழுத்தறியாதவரும் பயன்படுத்தத்தக்க மலிவான லினக்ஸ் கருவி ஒன்றை ஆக்குதலே அவர் நோக்கம். அதற்கெனத் தனிக் குறிமொழியையும், இந்திய மொழிகளை வாசித்துக் காட்டும் 'த்வனி' என்னும் நிரலையும் உருவாக்கினர். 2004 ஆம் ஆண்டில் அமிடா என்னும் பெயரில் அக்கருவி சந்தைக்கு வந்தது. அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. எனினும், பயனர் யார் என்பதை முதலில் வினவி, அதன்பின் சூழலை வகுத்த முறை நாம் கொள்ளத்தக்கது.

இன்று நிலை மாறியுளது. பழைய கைப்பேசிகளிலும் பைன்போன் போன்ற கருவிகளிலும் லினக்சை நிறுவுவோர் முன் பொஷ், பிளாஸ்மா மொபைல், எஸ்.எக்ஸ்.எம்.ஓ. எனச் சூழல்கள் பல நிற்கின்றன. பொஷ் ஜீ.டி.கே. வழியினது, பிளாஸ்மா கியூட் வழியினது. இருவழியிலும் ஹார்வ்பஸ் என்னும் நூலகமே எழுத்தை ஒழுங்குசெய்தலால், தமிழைக் காட்டுதலில் பழைய வேற்றுமை நீங்கிற்று. எஸ்.எக்ஸ்.எம்.ஓ. எளிய பட்டியல்களால் இயங்குவது, அலங்காரம் குறைந்தது, பழகுதற்குப் பொறுமை வேண்டுவது. 1990 ஆம் ஆண்டின் பின் பல்லாண்டு மின்சாரமின்றி வாழ்ந்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நமக்கு மின்சிக்கனத்தின் அருமையைப் பிறர் போதிக்க வேண்டியதில்லை.

இளைய மாணவர்காள்! ஒரு சூழலை ஏற்குமுன் மூன்று சோதனைகளைச் செய்க. 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' ஆகியவற்றை எழுதிப் பார்த்து, எழுத்து முறையாக அமைகிறதா என நோக்குக. திரை விசைப்பலகையில் தமிழ் உண்டா, இல்லையேல் சேர்க்க இயலுமா எனக் காண்க. பின்னர் ஒருநாள் முழுவதும் பயன்படுத்தி, மாலையில் மின்கலத்தில் எஞ்சியது எவ்வளவு என அளவிடுக. முதலிரண்டிலும் தவறியது மூன்றாவதில் எத்துணைச் சிறப்பினும் நமக்குரியதன்று.

இஃது ஏன் இத்துணை முக்கியம் என வினவலாம். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. மீளப் பெறவொண்ணா ஏடுகளும் அதனோடு அழிந்தன. 2005 ஆம் ஆண்டு தொடக்கம் நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்திற் சேர்த்து வருகின்றது. அங்குள்ள ஒரு நூலைத் தேடி எடுக்க, அதன் பெயரைத் தமிழிற் பிழையின்றி எழுதல் வேண்டும். கௌ என்னும் எழுத்தை ஒருவர் கெகரமும் ளகரமுமாகத் தட்டினால், கண்ணுக்கு அது ஒன்றே. தேடும் கணினிக்கோ வேறு. நூல் இருந்தும் இல்லாததாகும். நம் கையிலுள்ள சிறுகருவி ஒரு நூலகத்தின் வாயில். அவ்வாயில் தமிழில் திறக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் கற்றவர் கடனாகும்.