மயக்க ஊசியும் நாயின் ரத்த ரிப்போர்ட்டும்

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கத் தோட்டங்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. தீனி எடுக்காமல் சோர்ந்து கிடக்கும் நாயைத் திண்டுக்கல்லுக்குத் தூக்கி வருவார்கள். ஆள் கிட்டே போனால் அது கடிக்க வரும். மயக்க ஊசி போட்டுத்தான் ரத்தம் எடுக்க முடியும். ரிப்போர்ட் வந்ததும் கலக்கம் தொடங்குகிறது.

நம்பிக்கை: மயக்க ஊசி ரத்தத்தைக் குடித்துவிடும்.

உண்மை: ஒரு சொட்டுகூட உடம்பை விட்டுப் போவதில்லை. நாயின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேர்த்துவைக்கும் கிடங்கு. அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தைப் போட்டால் மண்ணீரலின் தசை தளர்ந்து, அது உப்பி, ஓடிக்கொண்டிருந்த அணுக்கள் அங்கே போய் ஒதுங்கும். அரை மணி நேரத்தில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, இருந்த அளவில் 20 முதல் 30 சதவீதம் வரை இறங்கலாம். 45 இருந்த நாய் 33 காட்டும். நல்ல நாய்க்குச் சுமாராக 37 முதல் 55 வரை இருக்கும் என்பதால், சோகை இல்லாத நாய்க்கும் சோகை என்று எழுதிவிட இடமுண்டு. தயோபென்டோன் என்ற மயக்க மருந்தும் இப்படித்தான். புரோபோபால் என்ற இன்னொன்று அவ்வளவு செய்யாது. மயக்கம் தெளிந்தால் அணுக்கள் ஓட்டத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிற நாயின் ரிப்போர்ட்டைப் பார்த்து, 'ஊசியால்தான் குறைஞ்சிருக்கு' என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். உண்ணி கடத்தும் பபீசியா கிருமி சிவப்பணுக்களை உண்மையாகவே உடைக்கிறது. அந்த நாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நம்பிக்கை: ஊசியே போடாமல், வாயைக் கட்டி அமுக்கிப் பிடித்து எடுத்த ரத்தம்தான் சரியான கணக்குக் காட்டும்.

உண்மை: பயந்து திமிறும் நாயின் மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த அணுக்களை வெளியே தள்ளும். பிசிவி கூடும், சர்க்கரையும் வெள்ளையணுவும் ஏறும். உள்ளபடியே இருக்கும் சோகை அதில் மறைந்துபோகலாம். வளர்த்தவர் தலையை அணைத்துப் பிடிக்க, முன்னங்காலில் அமைதியாக எடுப்பதே நல்லது.

நம்பிக்கை: ஊசிக்குப் பிறகு சர்க்கரை கூடி, மூத்திரமும் நிறையப் போனால் சர்க்கரை நோய்.

உண்மை: தெருநாய்க் கருத்தடையில் கெட்டமினோடு சேர்த்துப் போடும் சைலசின் என்ற மயக்க மருந்து, இன்சுலின் சுரப்பைக் கொஞ்ச நேரம் தடுக்கும், மூத்திரத்தையும் பெருக்கும். மறுநாள் வெறும் வயிற்றில் திரும்பப் பாருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதே ஓட்ட நாய் வகையான கிரேஹவுண்டுக்கு பிசிவி 50க்கு மேல் இருப்பதே இயல்பு. அதற்கு 40 வந்தால் புத்தகக் கணக்கில் சரி, நாய்க்குக் குறைவு. நாய் நன்றாக இருக்கும்போதே, ஊசி போடாமல் ஒருமுறை எடுத்த ரிப்போர்ட்டை வைத்திருங்கள். மயக்கத்தில் எடுக்க நேர்ந்தால், என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற மூன்றையும் லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.