மலையிறங்கும் நோயாளி

கேள்வி: என் மாமனாருக்கு 70 வயது. சர்க்கரையும் சீரற்ற இதயத்துடிப்பும் உண்டு. திடீரென்று கால் சில்லிட்டு மரத்துப்போனால், அவரைத் தொலைதூர மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா? பயணத்தைத் தாங்குவாரா?
– ஒரு வாசகர், சக்குபள்ளம்

பதில்: பயணத்தைவிடத் தாமதம்தான் ஆபத்து. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி காலின் தமனியை அடைத்துவிட்டால், ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் ரத்தம் மீண்டும் ஓட வேண்டும். தாண்டினால் தசை சாகும். காலை எடுக்க நேரலாம். வலி குறைந்து மரத்துப்போவதைத் தேறுதல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒற்றடம், எண்ணெய்த் தேய்ப்பு எதுவும் வேண்டாம்.

முதலில் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். தடையில்லையென்றால், ரத்தம் மேலும் உறையாதிருக்க ஹெப்பாரின் ஊசியை அங்கேயே போட்டு அனுப்புவார்கள். பிறகு உங்கள் மலையூரிலிருந்து எங்கே போவது, கோட்டயமா, குமுளி வழியாக மதுரையா? இரண்டுமே மலையிறங்கிச் செல்லும் நீண்ட பாதை. கிலோமீட்டரைக் கணக்கிடாதீர்கள். ரத்தநாள அறுவை நிபுணரும் அறுவை அரங்கும் அந்த நேரத்தில் எங்கே தயார் என்பதை, வண்டி கிளம்புமுன் மருத்துவரையே தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். நிபுணர் இல்லாத இடத்தில் இறங்கி மறுபடி ஏறுவதில்தான் பல கால்கள் போகின்றன.

மாத்திரைப் பட்டியல், பழைய ஈசிஜி, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் இன்றே எடுத்து வையுங்கள்.