கண்குழிக்குள் ஓர் உருண்டை

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உங்கள் வலக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிய இமையின் மேல் ஒரு விரல் நுனியை மெல்ல வையுங்கள், அழுத்த வேண்டாம். இப்போது இடக்கண்ணால் இடமும் வலமும் பாருங்கள். மூடியிருக்கும் கண்ணும் கூடவே அசைவதை விரல் உணரும். ஒவ்வொரு விழிக்கோளத்தையும் அசைக்க ஆறு தசைகள் உள்ளன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிருமி உள்ளே புகுந்தால்

கதிர் அறுக்கும்போது ஒரு தாள் நுனி கண்ணைக் கீறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீறல் விழுவது கண்ணின் முன்புறமுள்ள கார்னியா என்னும் ஒளிபுகும் படலத்தில். அக்கீறல் வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்தால் புண் உண்டாகும். கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதே காரணத்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அங்கே விரைந்து வந்து சேர முடிவதில்லை. கண்ணின் உட்புறத்தை நிரப்பியுள்ள விட்ரியஸ் என்னும் கூழ்ப்பொருளிலும் இரத்தக் குழாய்கள் கிடையா. கிருமி அதுவரை எட்டிவிட்டால் வேகமாகப் பெருகும்.

மருத்துவர்கள் முதலில் சொட்டு மருந்து, கண்ணுக்குள் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றால் கண்ணைக் காக்கவே முயல்வார்கள். விழிக்கோளம் முழுவதும் சீழ் பிடித்து, பார்வை மீள வழியே இல்லாமல், வேதனையும் தணியாதபோதுதான் கண்ணை அகற்ற முடிவு செய்வார்கள்.

இரு முறைகள்

பார்வை நரம்பை வெட்டி, தசைகளைப் பிரித்து, விழிக்கோளம் முழுவதையும் எடுப்பது ‘எனுக்ளியேஷன்’. மற்றொரு முறை ‘எவிசரேஷன்’. பனங்காயைச் சீவி, காய் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் நுங்கை மட்டும் நோண்டி எடுப்போம் அல்லவா? அதுபோல, கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிலீராவை விட்டுவிட்டு உள்ளிருப்பவற்றை மட்டும் நீக்குவார்கள். தசைகள் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

பார்வை நரம்பின் உறை, மூளையைச் சுற்றியுள்ள உறையின் தொடர்ச்சியாகும். சீழ் பிடித்த இடத்தில் அதை வெட்டினால் கிருமிக்கு மூளையை நோக்கி வழி திறந்துவிடக்கூடும். ஆகவே தொற்று நோய்களில் இரண்டாம் முறையையே பலர் விரும்புகிறார்கள். சுவரே அழுகிவிட்டாலோ, உள்ளே புற்றுநோய் இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலோ முதல் முறையே தேவை.

வெற்றிடத்தை நிரப்புதல்

இப்போது ஒரு கணக்கு. விழிக்கோளத்தின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். கோளத்தின் கன அளவுக்கான சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 7 கன சென்டிமீட்டர் வரும். இவ்வளவு பொருள் போய்விட்டால் இமை உள்வாங்கிவிடும். குழந்தையாயின், அந்தப் பக்கத்து முக எலும்பும் சரியாக வளராது. ஆகவே கண்குழிக்குள் ஓர் உருண்டையைப் பதிப்பார்கள். தொற்று கடுமையாக இருந்தால் அது அடங்கியபின் பதிப்பதும் உண்டு.

1884-இல் இங்கிலாந்து மருத்துவர் மூல்ஸ் உள்ளீடற்ற கண்ணாடி உருண்டையை இவ்வாறு பதித்தார். இன்று அக்ரிலிக், சிலிகோன் உருண்டைகள் உள்ளன. நுண்துளைகள் நிறைந்த உருண்டைகளும் உண்டு. அத்துளைகளுக்குள் உடலின் இரத்தக் குழாய்களே வளர்ந்து புகுந்துவிடும்.

20 மில்லிமீட்டர் உருண்டையின் கன அளவு சுமார் 4 கன சென்டிமீட்டர்தான். மீதி இடம் எதற்கு? உருண்டையைத் திசுக்களால் மூடித் தைத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் புண் ஆறியபின், அதன் முன்னால் செயற்கைக் கண் பொருத்துவார்கள். அது பலர் நினைப்பதுபோல் பந்து அன்று. கருவிழியும் வெண்விழியும் தீட்டப்பட்ட கிண்ணம் போன்ற ஓடு. தசைகள் உருண்டையை அசைக்க, ஓடும் ஓரளவு அசையும். தொடக்கத்தில் விரலால் உணர்ந்தீர்களே, அந்தத் தசைகளே இங்கும் வேலை செய்கின்றன! ஆனால் இந்தக் கண் பார்க்காது.

“இறந்தவரின் கண்ணைப் பொருத்தலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கண்தானத்தில் பொருத்தப்படுவது பெரும்பாலும் கார்னியா மட்டுமே. பார்வை நரம்பில் பத்து லட்சம் அளவில் இழைகள் உள்ளன. அறுந்த அவற்றை மூளையுடன் மீண்டும் இணைக்க இன்னும் இயலவில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணும் பொருத்தினார்கள். அதில் இரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை.

நம் கையில் இருப்பது

நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள் கார்னியாவில் கீறல் விழுந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு இட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரு சிறு குழாய்க் களிம்பு, உரிய நேரத்தில் இட்டால், பெரிய அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும்!

ஆகவே கண்ணில் எதுவும் கீறினால் கசக்காதீர்கள். இலைச் சாறு, தாய்ப்பால் போன்றவற்றை விடாதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தையும் தொடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வயலுக்குச் செல்லும் உங்கள் வீட்டாரிடமும் இதை இன்றே சொல்லுங்கள்.