நம்பிக்கைகளும் உண்மைகளும்: கிழட்டு நாயின் கடைசி மாதங்கள்

கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் நடுவே கிடக்கிற தம்மம்பட்டி வட்டாரத்தில் நாய் இல்லாத காட்டுக்கொட்டாயைப் பார்ப்பது அரிது. பாக்குத்தோப்புக்கும் மரவள்ளிக்காட்டுக்கும் கட்டுத்தறி மாட்டுக்கும் ராக்காவல் அதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிக் காவல் காத்த நாய்க்கு ஒரு நாள் பின்னங்கால் தள்ளாடத் தொடங்கும். அன்றிலிருந்து அதைக் குழியில் வைக்கிற நாள் வரைக்கும், அதற்கப்புறமும், வீட்டாருக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொற்களில் பல, கண்முன் படுத்திருக்கும் நாயை நாம் உற்றுப் பார்க்கவிடாமல் செய்துவிடுகின்றன. எனக்கு அதுதான் கவலை.

“வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்”

முதுமை நோயல்ல. வயதான நாய் படுத்தே கிடக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். மூட்டு தேய்ந்திருக்கலாம், பல்லும் ஈறும் அழுகியிருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, பெரும்பாலும் மாத்திரையிலேயே குணப்படுத்த முடியும். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்துபோன சில வாரங்களில் சோறு தொடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்க வாய்ப்புண்டு. உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டால் சில நாளில் போய்விடும்.

வலி இருந்தால் கத்துமே என்பார்கள். அடிபட்ட வலிக்குத்தான் நாய் கத்தும். மாதக்கணக்கில் இருக்கிற வலியை அது சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். எழுந்ததும் முதல் நாலு எட்டைத் தாங்கித் தாங்கி வைப்பது, திண்ணைப் படியைப் பார்த்துத் தயங்குவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தடவ வந்த பேரனைப் பார்த்து முதல் தடவையாக உறுமுவது எல்லாம் வலியின் அடையாளங்கள். அதைப் பார்த்து இரக்கப்பட்டு நம் வீட்டு வலி மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டியது அது.

எங்கே போவது என்று கேட்டால், இந்த வட்டாரத்துக்கு அந்தக் குறை கிடையாது. 1985ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ராசிபுரம் வழியாகப் போனால் எட்டுகிற தூரம்தான். கோழிக்கும் மாட்டுக்கும் பேர்போன அந்த இடத்தில் நாய்க்கும் வைத்தியம் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் தலைவாசலிலும் இப்போது ஒரு கல்லூரி வந்துவிட்டது.

“சாவு தெரிஞ்சு, தானாப் போயிடுச்சு”

இந்த நம்பிக்கை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒரு காலையில் நாயைக் காணோம். ‘சாகப்போற நாய் வீட்டுல சாகாது, ஒதுங்கிப் போயிடும்’ என்று சொல்லி, தேடாமல் விட்டுவிடுகிறார்கள்.

நாய்களுக்கும் மூளைத் தேய்வு வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2001ல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் அதன் அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. அப்படிப்பட்ட நாய் பகலில் தூங்கி இரவில் சுற்றும். கதவு திறக்கிற பக்கம் விட்டுக் கீல் பக்கம் நிற்கும். சுவர் மூலையைப் பார்த்தபடி வெறுமனே நிற்கும். பத்து வருஷமாக வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதது செய்யும். கண் புரையும் காது மந்தமும் சேர்ந்துகொண்டால், மூத்திரம் பெய்ய வெளியே போன நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. தரைமட்டக் கிணறுகளும் லாரி ஓடும் ரோடும் உள்ள ஊரில் அதற்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலும் வலியும் உள்ள நாய் குளிர்ச்சியான மறைவிடம் தேடிப் படுப்பதும் உண்மையே. உடம்பு முடியாத மிருகம் எதுவும் செய்கிற காரியம் அது. தன் சாவைக் கணித்துக்கொண்டு விடைபெற்றுப் போகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

ஆகவே தேடுங்கள். பெரும்பாலும் அதிக தூரம் போயிருக்காது. வாய்க்கால் ஓரம், புதர் அடி, வைக்கோல் போருக்குப் பின்னால் என்று கிட்டத்திலிருந்து தொடங்குங்கள். கூப்பிட்டால் காதில் விழாது, கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் படலைச் சாத்தி, படுக்கிற இடத்தில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ராத்திரியில் அது ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று கல்லெறிகிறவர்களுக்கும் இதுவே பதில். காது கேட்காத, திசை குழம்பிய கிழநாய் இருட்டில் ஊளையிடும். ஆள் பக்கத்தில் போய் முதுகைத் தொட்டால் பெரும்பாலும் அடங்கும்.

“ஊசி போட்டுக் கொல்றது பாவம்”

இதை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பைரவருக்கு வாகனம் நாய் என்று கும்பிடுகிற ஊர் இது. தன் கையால் சோறு போட்ட உயிரை முடிக்கச் சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் வராது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது அன்புதான்.

ஆனால் உண்மை நிலை இது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று ஆகிவிட்ட மிருகத்தை முடித்துவிட உத்தரவிட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. உயிர் முடிப்பதும் கொடுமை செய்வதும் வேறு வேறு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே சட்டத்தின்படி, நாயைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவதும், இதயத்தில் எட்டி விஷ ஊசி போடுவது போன்ற கொடூர முறையில் கொல்வதும் குற்றம். கிழட்டு நாயைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் ‘நான் கொல்லலையே’ என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதைவிடக் கொடுமையான முடிவு ஒரு வீட்டு நாய்க்கு இல்லை.

மருத்துவர் போடும் ஊசியில் துடிதுடித்துச் சாகும் என்பதும் தவறு. முதலில் மயக்க மருந்து தருவார்கள். நாய் தூங்கிவிடும். பிறகு அளவு மிஞ்சிய மயக்க மருந்து ரத்தக்குழாயில் ஏறும். நினைவு போன பின்தான் மூச்சும் இதயமும் நிற்கும், அதுவும் சில நிமிடங்களுக்குள். கண் மூடாமல் இருக்கலாம். உயிர் போன பிறகு ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம், சிறுநீர் பிரியலாம். வேதனையில் நடப்பவை அல்ல இவை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டார் பதறமாட்டார்கள். பாசமுள்ளவர் பக்கத்தில் நின்றால் உயிர் பிரியாது என்று ஒதுங்கி நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிர் பிரிவது மருந்தால், உங்களால் அல்ல. நீங்கள் இருந்தால் அது பயமில்லாமல் தூங்கும். இல்லாவிட்டால் புது இடத்தில் புது ஆட்களுக்கு நடுவில் உங்களைத் தேடும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நடக்க முடியாத நாய்க்கெல்லாம் ஊசிதான் கருணை என்பதும் சரியல்ல. வலி மருந்து, மெத்தென்ற சாக்குப் படுக்கை, வாய்க்கருகில் தண்ணீர், புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் என்று இருந்தால் நல்ல மாதங்கள் சில கிடைக்கலாம். எப்போது முடிவெடுப்பது? அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு கேள்விகளை வகுத்தார். வலி அடங்கியிருக்கிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர் இறங்குகிறதா, சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா, நம்மைப் பார்த்து மகிழ்கிறதா, எழுந்து நகர்கிறதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. அவ்வளவு வேண்டாம் என்றால், தினசரி காலண்டர் தாளில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி போட்டு வாருங்கள். வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கும்போது, அந்தக் குறிகளைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து பேச முடியும்.

புதைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. ஊசி போட்ட நாயின் உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும். மற்ற நாயோ பறவையோ தோண்டித் தின்றால் அவையும் சாகலாம். எனவே இடுப்பளவுக்குக் குறையாத குழி, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. சுவேத நதி மணலில் மேலோட்டமாக மூடிவிட்டு வருவது கூடாது. வெறிநாய்க்கடி நோய் என்று சந்தேகம் இருந்தால் உடலைத் தொடாமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

“நாய்க்குப் போய் அழுவாங்களா? நாய்க்குச் சமாதியெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்”

தம்மம்பட்டி ஜல்லிக்கட்டு பார்க்கிற ஊர். வாடிவாசல் கண்ட காளை செத்தால் மாலை போட்டு, மேளம் கொட்டி, ஊரே சேர்ந்து அடக்கம் செய்வதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறோம். யாரும் அதைக் கேலி செய்வதில்லை. நாய்க்கு மட்டும்தான் அழுகை வெட்கமாகிவிடுகிறது.

நம் பழைய ஆட்கள் அப்படி வெட்கப்படவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அந்தக் கல்வெட்டில் அவனோடு நின்று கள்ளனைக் கடித்துக் காத்த நாயைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ‘ஒரு நாய்’ என்று போகிறபோக்கில் எழுதவில்லை. கோவிவன் என்று அதன் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால், மாடு மேய்த்து வாழ்ந்த ஒரு ஊர், ஒரு நாயின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று உளியை எடுத்திருக்கிறது. மரத்தில் தெய்வங்களைச் செதுக்கியே பிழைக்கிற தம்மம்பட்டிக்காரர்களுக்கு, ஒரு பெயரைக் கல்லில் வெட்ட எத்தனை உழைப்பு ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் விரிவானது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த செய்தியைச் சொல்கிற கல் அது. பத்தாம் நூற்றாண்டு. அதே கல்லில், காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதியதும், இரண்டும் மாண்டதும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டிருக்கிறார்கள். பேரரசுகளின் போரும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில்! நம் காலத்திலும் மானாமதுரை அருகே ஒரு முதியவர் இறந்த தன் நாய்க்குச் சிலை வைத்துக் கோயில் எழுப்பியது 2022ல் செய்தியானது. எல்லோரும் கோயில் கட்ட வேண்டியதில்லை. ஒரு கல் நட்டு விளக்கேற்றினால் அது இந்த மண்ணின் வழக்கம்தான்.

வெளியே சொல்ல முடியாத துக்கம் உள்ளேயே தங்கிவிடும். ஊர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989ல் தனிப் பெயரே கொடுத்து எழுதினார். நாய் செத்த மறுநாள் வேலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பது, வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்ற முடியாமல் நிற்பது என்று இருப்பவர்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

“நம்ம கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு”

ஆறுதலாகச் சொல்லப்படுவது. கேட்டவுடன் நெஞ்சு நிறையும். ‘வீணாகச் சாகவில்லை’ என்று தோன்றும். ஆனால் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தன்னால்தான் போனது என்ற பாரம் அவர்மேல் ஏறும். பாட்டி பிழைக்க நாய் செத்தது என்று கேட்கிற குழந்தை, அடுத்து யாருக்காக யார் சாவார்கள் என்று கணக்குப் போடத் தொடங்கும். நாய் செத்தது சிறுநீரகம் பழுதாகி, அல்லது கட்டி வந்து. அது நமக்குச் செய்தது அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷம். பாம்பைக் கண்டு குரைத்த இரவு ஒன்றிருந்தால் அதைச் சொல்லுங்கள், அது நடந்த கதை. குழந்தையிடம் ‘காட்டுக்குப் போயிருக்கு, வரும்’ என்றும் சொல்லாதீர்கள். தினமும் படலருகே போய் நிற்கும். ‘செத்துப்போச்சு, இனி வராது, உன் மேல தப்பு எதுவும் இல்ல’ என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் போதும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். 2022ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், தம் நாய்களில் ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டபோது, மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். சோறு குறையும், ஒட்டிக்கொண்டே திரியும். வேளையும் இடமும் மாறாமல் சோறு வைத்துக் கூடவே இருங்கள்.

“உடனே வேற குட்டி வாங்கினா மறந்துடும்”

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் அம்மாவுக்குச் சொல்கிற முதல் ஆறுதல் இது. சிலருக்குப் பொருந்தும். பலருக்குப் பொருந்தாது. ராத்திரி எழுந்து குட்டியை வெளியே விடவும், காலில் சுற்றுகிற குட்டி தட்டிவிடாமல் நடக்கவும் எழுபது வயதில் தெம்பு வேண்டும். காட்டுக்கொட்டாயில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் காவல் வேண்டும் என்றால், வளர்ந்து அடங்கிய ஒரு நாட்டு நாய் குட்டியைவிட ஏற்றது. அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பிறகு, முக்கியமாக அம்மாவிடம் கேட்ட பிறகு. வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த வருஷம் முழுக்க ராத்திரி எட்டு மணிக்கு நீங்களே போன் செய்யுங்கள். அந்த நேரத்துக்குத்தான் அவர் அதற்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.